இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்?

1953 ஏப்ரலில் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளை வாட்சனும் கிரிக்கும் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். ரோசலிண்ட் ஃபிராங்ளினின் எக்ஸ் கதிர்ப் பதிவுகள் இல்லாமல் அது நடந்திருக்காது. அடுத்த ஆண்டே அதே இதழில், சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு வெளியானது. தோலுக்கும் தசைநாணுக்கும் உறுதி தரும் அந்தப் புரதம், கயிறுபோல மூன்று புரிகளால் ஆனது. எழுதியவர்கள் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும்.

ராமச்சந்திரன் திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியலில் சேர்ந்தார். அங்கிருந்து அவரை இயற்பியலுக்கு மாற்றிக்கொண்டவர் சி.வி. ராமன். ராமன் திருச்சிக்காரர். காவிரிக்கு அக்கரையில், ஸ்ரீரங்கம் தீவிலுள்ள திருவானைக்காவில் பிறந்தவர்.

கொலாஜன் இழையில் ஒவ்வொரு மூன்றாவது அமினோ அமிலமும் கிளைசின். மூன்று புரிகள் சேரும் நடுப்பகுதியில் இடம் மிகக் குறைவு. பக்கக் கிளையாக ஒரே ஒரு ஹைட்ரஜனை மட்டும் வைத்திருக்கும் கிளைசினால்தான் அங்கே நுழைய முடியும்.

1955இல் கிரிக்கும் அலெக்ஸாண்டர் ரிச்சும் மறுப்பு எழுப்பினார்கள்: இந்த மாதிரியில் சில அணுக்கள் மிதமிஞ்சி நெருங்கியிருக்கின்றன, ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையும் கூடுதல். பிணைப்பு விஷயத்தில் அவர்கள் சொன்னதே நிலைத்தது. மூன்று புரி என்ற அடிப்படையோ ராமச்சந்திரனுடையதாகவே நின்றது. ஆனால் நெருக்கம் பற்றிய கேள்வியை அவர் விடவில்லை. பிணைப்பில்லாத இரண்டு அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்? அதுவரை வெளியான படிக அமைப்புகளைப் புரட்டி, அணுக்களுக்கு இடையே காணப்பட்ட தூரங்களைத் திரட்டினார்.

புரதச் சங்கிலியில் அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைடு பிணைப்பு தட்டையானது, எளிதில் திரும்பாது. ஒவ்வொரு அமினோ அமிலத்தின் மையமான ஆல்ஃபா கார்பனின் இருபுறமும் உள்ள இரண்டு பிணைப்புகள்தான் சுழலும். அந்த இரண்டு கோணங்களுக்கும் ஃபை, சை என்று பெயர். ஒன்றைக் கிடையச்சிலும் மற்றதை நிமிர் அச்சிலும் வைத்து, அணுக்கள் மோதிக்கொள்ளும் இடங்களையெல்லாம் நீக்கினால், மிஞ்சுவது சில சிறு பகுதிகள். புரதங்களில் அடிக்கடி காணப்படும் வடிவங்களான ஆல்ஃபா சுருளும் பீட்டா தகடும் அவற்றுக்குள்ளேயே விழுகின்றன. சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் அவர் வெளியிட்ட இதுவே ராமச்சந்திரன் வரைபடம். கணினி இன்று தரும் விடையை, அவர்கள் கைக்கணக்கில் பெற்றார்கள் என்பது எனக்குப் பெரும் வியப்பு.

இன்று எந்த நாட்டு ஆய்வகம் ஒரு புரதத்தின் அமைப்பை உலகப் புரதத் தரவு வங்கிக்கு அனுப்பினாலும், சரிபார்ப்பு அறிக்கையில் இந்த வரைபடச் சோதனை இருக்கிறது. அனுமதிக்கப்பட்ட பகுதிக்கு வெளியே ஒரு புள்ளி விழுந்தால், முதலில் சந்தேகப்படுவது அந்த அமைப்பைத்தான்.