மேட்டில் இழுக்கிற வண்டி

2019 ஆகஸ்டில் கேரளத்துப் புற்றடி ஏல மையத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. முந்தின வருஷத்து வெள்ளமும் அந்த வருஷத்து வறட்சியும் சேர்ந்து காய் வரத்தைக் குறைத்திருந்தன. போடி, சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம் என்று மலையடி ஊர்களில் அப்போது டீக்கடைப் பேச்சு நகை, வீடு, கார் என்றுதான் ஓடியது. இரண்டு மூன்று வருஷத்தில் விலை ஆயிரத்தைச் சுற்றி வந்து நின்றது. நகை அடகுக்குப் போனது. வீடு பூச்சு வேலை முடியாமல் நின்றது. கார் மட்டும் வீட்டு வாசலில் இருந்தபடி மாதாமாதம் தவணை கேட்டது.

என் அக்கா மகன் சமீபத்தில் ஒரு கேள்வி கேட்டான். அவனிடம் இருப்பது பழைய 1.2 லிட்டர் பெட்ரோல் ஸ்விஃப்ட். போடிமெட்டு ஏறி, பூப்பாறைப் பக்கம் இருக்கிற குத்தகைத் தோட்டத்துக்கு அடிக்கடி போய் வருகிறவன். "மாமா, இதையே ரீமேப் அடிச்சு, ஃபில்டர், சைலன்சர் எல்லாம் மாத்திரவா? இல்ல, இதைக் குடுத்துட்டு கம்பெனி டர்போவே எடுத்துரவா?" வண்டி மேட்டில் திணறுகிறது என்பது அவன் குறை. அது பொய்யில்லை.

போடியை அடுத்த முந்தல் தாண்டியதும் மலை தொடங்கிவிடுகிறது. 17 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்திலிருந்து போடிமெட்டுக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடுகிறோம். உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. டர்போ இல்லாத என்ஜின் தானாக உறிஞ்சுகிற காற்றை நம்பி ஓடுவது. நூறு மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஒரு விழுக்காடு திறன் குறையும். சென்னையில் 85 குதிரைத்திறன் காட்டுகிற வண்டி, நாலு ஆளும் உர மூட்டையுமாகப் போடிமெட்டை எட்டும்போது 75ஐ ஒட்டித்தான் வைத்திருக்கும். போதாததற்கு அந்த என்ஜின் முழு இழுவையைக் காட்டுவது நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்கு மேலே. வளைவில் அது 1,500 சுற்றில் முக்கிக்கொண்டிருக்கும். ஃபர்ஸ்ட் போட்டால் அலறும், செகண்டில் விட்டால் சாகும்.

டர்போ உண்மையில் மலைக்காகவே பழகிய பொருள். 1905இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி அதற்குக் காப்புரிமை பெற்றார். வெளியே வீணாகப் போகிற புகையின் விசையில் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதனோடு சேர்ந்து சுற்றுகிற இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுவது என்ற யோசனை. 1918இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் இருந்த சான்ஃபோர்ட் மாஸ், லிபர்ட்டி என்ற விமான என்ஜினை அமெரிக்காவின் கொலராடோவில் 14,000 அடிக்கு மேல் இருக்கிற பைக்ஸ் பீக் மலையுச்சிக்கே ஏற்றிக்கொண்டு போய்ச் சோதித்தார். கீழே 350 குதிரைத்திறன் கொடுத்த என்ஜின் உச்சியில் 230க்கு இறங்கியது. டர்போவைப் பூட்டியதும் 356. எங்கள் பையன்கள் நெடுஞ்சாலை வேகத்துக்காக ஆசைப்படுகிற சாமானை நிரூபித்துக் காட்டியது ஒரு மலையுச்சி என்பதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி உண்டு.

அப்படியானால் டர்போவே எடு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவன் முதலில் கேட்டது இருக்கிற வண்டியை மாற்றுவதைப் பற்றி. டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜினில் ஃபில்டரும் சைலன்சரும் மாற்றி, ரீமேப்பும் (என்ஜின் கணினியின் நிரலை மாற்றுவது) செய்து கிடைப்பது மிஞ்சினால் பத்து விழுக்காடு. அதுவும் பெரும்பாலும் மேல் சுற்றில்தான் தெரியும்; வளைவில் தேவைப்படுகிற கீழ்ச்சுற்றில் அல்ல. சத்தம் கூடுகிறது, அதனால் வேகம் கூடியதாகத் தோன்றுகிறது. அதே ரீமேப்பை டர்போ வண்டிக்குச் செய்தால் இருபது விழுக்காடு வரைகூடக் கிடைக்கும், காற்றை அழுத்துகிற அளவையே கூட்ட முடியும் என்பதால். மாற்றி அமைக்க ஏற்ற வண்டி எது என்று பார்த்தால், ஏற்கெனவே டர்போ உள்ளதுதான்.

பழைய என்ஜினிலேயே டர்போவை வெளியிலிருந்து பூட்டுகிறவர்களும் உண்டு. ஸ்விஃப்ட் போன்ற வண்டிகளில் அழுத்த விகிதம் 11ஐத் தொடுகிறது. அதற்குள் மேலும் அழுத்திய காற்றைத் திணித்தால் எரிபொருள் முறை தவறி வெடித்து பிஸ்டனைத் தட்டும். அதைத் தவிர்க்க பிஸ்டன் மாற்ற வேண்டும், இன்டர்கூலர் வேண்டும், இன்ஜெக்டர் வேண்டும். பிறகு கிளட்ச் தாங்காது, அதற்குப் பிறகு பிரேக் போதாது. நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற அந்தச் சக்கரத்துக்கு எண்ணெய் ஒரு நாள் சரியாகப் போகவில்லையென்றால் எல்லாம் கரிதான். ஒன்றை மாற்றினால் அடுத்தது வந்து வரிசையில் நிற்கும்.

கம்பெனிக்காரன் செய்வது இந்த வரிசை முழுவதையும் முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது. 2017இல் மாருதி பலேனோ ஆர்எஸ் வந்தது. சாதாரண பலேனோவின் 84 குதிரைத்திறனுக்குப் பதில் 102, இழுவை 115க்குப் பதில் 150 நியூட்டன் மீட்டர். கூடவே நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் கொடுத்தார்கள். எனக்கு அதில் பிடித்தது இந்தக் கடைசி விஷயம்தான். அதைவிட நெருங்கிய உதாரணம் கோயம்புத்தூரில் இருக்கிறது. ரேஸ் கார்களில் ஊறிய ஜேயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாட்டாவும் சேர்ந்து 2018 அக்டோபரில் டியாகோ ஜேடிபியைக் கொண்டுவந்தார்கள். எளிய டியாகோவில் டர்போ என்ஜின், மாற்றிய கியர் விகிதம், இறுக்கிய சஸ்பென்ஷன், அகன்ற டயர், 114 குதிரைத்திறன். அறிமுக விலை 6.39 லட்சம். பட்டறைப் பையன் கனவு கண்டதைக் கம்பெனி உத்தரவாதத்தோடு விற்றார்கள். 2020இல் அந்த முயற்சி நின்றது. பலேனோ ஆர்எஸ்ஸும் அதே வாக்கில் போய்விட்டது. எளிய காரில் அதிக இழுவை வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்ன அளவுக்கு யாரும் காசை எடுத்து நீட்டவில்லை என்றே நினைக்கிறேன்.

இதற்காகப் பட்டறை வேலையை நான் கேவலமாகப் பேசிவிட முடியாது. எங்களை இந்த மலையில் ஏற்றிவிட்டதே அதுதான். விடியுமுன் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற ஜீப்புகளைப் பாருங்கள். இந்த மாதிரி வண்டிகளில் பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் என்ஜின் ஏற்றுவதும், ஸ்பிரிங் பட்டையைக் கூட்டுவதும், உடலையே வெட்டி நீட்டுவதும் ஒரு தலைமுறையின் தொழில்நுட்பமாக இருந்தது. அவர்கள் அதை ரசனைக்காகச் செய்யவில்லை. பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை, ஆள் ஏற்ற வேண்டும், புது வண்டிக்குப் பணம் இல்லை. எதற்காக மாற்றுகிறோம் என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை.

இப்போது சட்டமும் நடுவில் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். போடிமெட்டில் எல்லையைத் தாண்டினால் கேரளம். அங்கே வாகனத் துறையினர் இந்த விஷயத்தில் கண்டிப்பானவர்கள் என்பதை இங்கே ஓட்டுகிற எல்லோரும் அறிவார்கள். தோட்டம் அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கு இது சின்னக் கணக்கல்ல. விபத்து என்று வந்தால் காப்பீட்டுக்காரரும் இதே கேள்வியைத்தான் கேட்பார்.

இவ்வளவும் சொன்ன பிறகும் பையன்கள் ஏன் பட்டறைக்கே போகிறார்கள்? நான் வெகுநாள் யோசித்து வந்து சேர்ந்த இடம் இது: பணம் அவர்களுக்கு வருகிற தாளம். ஏலத்தோட்டத்தில் நாற்பது நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை காய் எடுப்பு. ஆடி ஆவணியில் தொடங்கி மாசி வரை நடக்கும். பிறகு வறண்ட மாதங்கள். ஒரு எடுப்பு நன்றாக வந்தால் டயர், அடுத்தது நன்றாக வந்தால் சைலன்சர், விலை விழுந்தால் ஒன்றுமில்லை. யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். ஏழு வருஷக் கடனில் வாங்கிய வண்டிக்கு அந்த மழை வெயில் தெரியாது. மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதி தவணை; அதற்குப் பங்குனியும் ஆவணியும் ஒன்றுதான். மொத்தத்தைக் கூட்டினால் பட்டறை மலிவல்ல, விற்கும்போது அந்தப் பணத்தில் பாதிகூடத் திரும்பாது. ஆனாலும் அது விவசாயியின் வருமானத்தோடு ஒத்துப்போகிற செலவு. மாதச் சம்பளக்காரர் எழுதுகிற அறிவுரைகள் இங்கே பொருந்தாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

அதே தாளம்தான் ஏமாற்றவும் செய்கிறது. துண்டு துண்டாகப் போகிற பணத்தை யாரும் எழுதி வைப்பதில்லை. கார் வாங்குவதென்றால் வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து பேசுவார்கள், அம்மா வேண்டாம் என்பாள், மச்சினன் ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்வான். சைலன்சர் மாற்றுவதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்ல இடமில்லாத செலவு எனக்கு எப்போதும் சந்தேகத்துக்குரியது.

அவனுக்கு நான் சொன்னது சுருக்கமானது. முதல் காசை டயரிலும் பிரேக்கிலும் கிளட்சிலும் போடு. ஏறுவதைப் பற்றி மட்டும் பேசுகிறாய். அதே 17 வளைவில் இறங்கவும் வேண்டும். இறங்கும்போது டர்போ உதவாது. கம்பெனி டர்போ பலவற்றில் வருகிற ஒரு லிட்டர் மூன்று சிலிண்டர் என்ஜின் கியரில் பிடித்து நிறுத்துவதும் குறைவு. 1,500 சுற்றுக்குக் கீழே டர்போவும் தூங்கும், அதனால் வளைவில் அங்கேயும் ஃபர்ஸ்ட்தான். அதற்குப் பிறகும் இழுவை வேண்டும் என்று தோன்றினால், கடனில்லாமல், ஓடிய கம்பெனி டர்போ ஒன்றை இரண்டு பருவத்துக் காய்ப் பணத்தில் எடு. பட்டறை வேலை உனக்குச் சந்தோஷம் என்றால் அதைச் சந்தோஷம் என்று சொல்லியே செய், மேட்டுக்காக என்று சொல்லாதே.

பொறுமையாகக் கேட்டான். பிறகு சொன்னான்: "நம்ம தோட்டத்துல நிக்கிறது ஞள்ளானி. அதைக் கட்டப்பனைப் பக்கத்து விவசாயி ஒருத்தர்தான் சொந்தத் தோட்டத்துல பாத்துப் பாத்துப் பிரிச்சாரு. கம்பெனியா குடுத்துச்சு?"

உண்மை. செபாஸ்டியன் ஜோசப் என்ற அந்த விவசாயி நல்ல செடிகளை வருஷக்கணக்கில் தேர்ந்தெடுத்து உருவாக்கிய ஏலக்காய் ரகம், மலை முழுக்கப் பழைய ரகங்களைத் தள்ளிவிட்டுப் பரவியது. விளைச்சல் பல மடங்கு. உரமும் தண்ணீரும் மருந்தடிப்பும் சேர்ந்தே கூடின என்பதும் அவனுக்குத் தெரியும், மருந்துக்கடைச் சிட்டை அவன் கையில்தான் இருக்கிறது. அந்தச் செலவையெல்லாம் கழித்த பிறகும் ஞள்ளானியையே நடுகிறோமே என்றான். ஆமாம், கழித்துப் பார்த்துவிட்டுத்தான் நடுகிறோம் என்றேன். ஸ்விஃப்ட்டுக்கும் அப்படி ஒரு சிட்டை எழுதிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான். பட்டறையில் இன்னும் எஸ்டிமேட் தரவில்லையாம்.