யாருக்காகக் கட்டிய கூடு?

கோழிக்கூடு கட்டுவதிலே தர்ம விசாரத்துக்கு என்ன இருக்கிறது என்று சிரிக்காதீர்கள். என்னைப் பற்றி எனக்கே தெரியாதிருந்த ஒரு விஷயம் அந்தக் கூட்டின் முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது.

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஆறு கோழிகள் வளர்ப்பதென்று முடிவானதும், கூட்டின் அமைப்பைத் தீர்மானிக்கும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றில் பார்த்த படம் மனத்தில் இருந்தது. சரிந்த கூரை, சின்னஞ்சிறு கதவு, ஒரு கண்ணாடி ஜன்னல்; பார்ப்பதற்குப் பொம்மை வீடு. தச்சரை அழைத்து அப்படியே செய்யச் சொன்னேன். கூரைக்குத் தகரம், தகரத்துக்குச் சிவப்பு வர்ணம். வந்தவர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள். “கோழிக்கு அடித்த யோகத்தைப் பாருங்கள்!” என்றார் ஒரு நண்பர்.

புகழாதவை அந்த ஆறு கோழிகள்தாம். அந்தி மயங்கினால் அவை கூட்டைத் திரும்பியும் பார்ப்பதில்லை. முருங்கை மரத்தில் ஏறிக்கொள்ளும். நான் கழியோடு போய் அவற்றை இறக்கி, ஒவ்வொன்றாக உள்ளே தள்ளித் தாழிடுவேன். ‘நன்றி கெட்ட ஜன்மங்கள்!’ என்று அலுத்துக்கொள்வேன்.

சித்திரையில் ஒரு முகூர்த்த நாள். கல்யாணத்துக்குப் போகவேண்டியிருந்தது. நாய்க்குப் பயந்து, கோழிகளைத் திறந்துவிடாமல் தீனியும் தண்ணீரும் வைத்துவிட்டுப் போனோம். பிற்பகல் வந்து கதவைத் திறந்தால் அனல் முகத்தில் அடித்தது. இரண்டு கோழிகள் செத்துக் கிடந்தன. மற்றவை இறக்கையைத் தொங்கவிட்டு, அலகைப் பிளந்து இளைத்துக்கொண்டிருந்தன. கோழிக்கு வியர்ப்பதில்லை; வாய் வழியே மூச்சு வாங்கித்தான் அது உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். நான் கண்டு மயங்கிய படமோ பனி பெய்யும் தேசத்துக்காக வரைந்தது. அங்கே குளிரைத் தடுப்பதற்கு அடைத்த சுவர்கள், இங்கே வெயிலைச் சேர்த்து வைத்துக் கொன்றுவிட்டன.

அடுத்த வீட்டு ஆச்சி வந்து பார்த்தாள். ஆயுசெல்லாம் கோழி வளர்த்தவள்.

“அதுகதான் தினமும் மரத்திலே ஏறி ஏறிச் சொல்லிச்சே, தம்பி. நீங்கதான் கம்பை எடுத்துக்கிட்டு விரட்டினீங்க” என்றாள்.

சுரீரென்றது எனக்கு. கீரி வந்து கொன்றிருந்தால் கீரியைத் திட்டியிருக்கலாம். கொன்றது என்னுடைய நல்லெண்ணமல்லவா? மனம் சுத்தமாக இருந்தால் செய்கையும் சுத்தம் என்று நம் கதைகள் சொல்லி வந்திருக்கின்றன. நான் எழுதிய கதைகளும்தான். ஆனால், பெறுகிறவனைக் கேளாத நல்லெண்ணத்துக்குத் தற்பெருமை என்பதே சரியான பெயர். அந்தக் கூட்டை நான் கோழிக்காகக் கட்டவில்லை. அதைப் பார்த்துப் புகழ்கிறவர்களுக்காகக் கட்டினேன்.

வாயில்லா ஜீவனிடம் எப்படிக் கேட்பது? அதன் கால்களைப் பார்க்க வேண்டும். எங்கே போகிறது, எதை விட்டு விலகுகிறது என்பதே அதன் பாஷை. இங்கிலாந்தில் 1964இல் ரூத் ஹாரிசன் என்ற பெண்மணி பண்ணை விலங்குகளின் அவலத்தை ஒரு நூலாக எழுதினார். நாடே கலங்கிற்று. அரசாங்கம் பேராசிரியர் பிராம்பெல் தலைமையில் குழு அமைத்தது. நிற்க, படுக்க, திரும்ப, உடலைக் கோதிக்கொள்ள, அங்கங்களை நீட்டவாவது ஒரு பிராணிக்கு இடம் வேண்டும் என்று 1965இல் அந்தக் குழு சொல்லிற்று. எத்தனை சின்ன வரம்! அதே குழு, மெல்லிய அறுகோணக் கம்பித் தரை கோழிக்கு ஆகாது என்றும் கருதிற்று. 1973இல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கோழிகளையே தேர்ந்தெடுக்க விட்டார்கள். கோழிகள் விரும்பி நின்றது அந்த மெல்லிய கம்பியின் மேல்! கருணை மிக்க நிபுணர்களும் கேட்காமல் தீர்மானித்தால் தவறிவிடுகிறார்கள்.

அதற்காகக் கோழிக்குக் கூண்டு பிடிக்கும் என்று சொல்லிவிடலாகாது. தரைகளில் எது மேல் என்றுதான் கேட்டார்கள். கூண்டே வேண்டுமா என்று கேட்கவில்லை. கேள்வியும் நாணயமாக இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் வகுத்த விதி, பழைய கூண்டுகளில் ஒரு கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டராவது இருக்கவேண்டும் என்றது. நான் கதை எழுதும் தாள்கூட அதைவிடப் பெரியது. 2012 முதல் அங்கே அத்தகைய கூண்டுகளுக்கே தடை வந்துவிட்டது.

‘முட்டைக்காக வளர்க்கிறவனுக்கு இந்தக் கருணை வேஷம் எதற்கு?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த முட்டையால்தான் நான் கடன்காரன் ஆகிறேன். கடன்காரனுக்குத் தர்மம் செய்த கர்வம் கூடாது. கணக்குத் தீர்க்கும் கவலை வேண்டும்.

ஆச்சி சொல்லச் சொல்லப் புதுக் கூடு எழுந்தது. முருங்கை நிழலில் இடம். தகரத்துக்குப் பதில் ஓலை. கோழிகளின் தலைக்கு மேலே, ஈரக் காற்றும் எச்சத்தின் நெடியும் வெளியேற இரு பக்கமும் திறப்பு. இரவில் உட்கார உயரத்தில் ஒரு கழி. அதற்குக் கீழே, முட்டையிட இருட்டான இரண்டு பெட்டிகள். பெட்டி உயரமாக இருந்தால் அதிலேயே தூங்கி அசுத்தம் பண்ணிவிடும். புழுதி குளிக்க ஒரு மூலையில் மணல். கடையில் ‘கோழி வலை’ என்று விற்கும் மெல்லிய வலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர, நாயை வெளியே நிறுத்தாது. ஆகவே அரை அங்குலக் கண்ணுள்ள கெட்டியான கம்பி வலை. கீரி தோண்டாதபடி மண்ணுக்குள்ளும் ஓர் அடி. தாழ்ப்பாள் உண்டு. ஆனால் அது வெளியே இருப்பவனுக்கு எதிரான தாழ்ப்பாள், விடிந்ததும் திறந்துவிடும். வீட்டுக்கும் சிறைக்கும் வேறு என்ன வித்தியாசம்?

அன்று மாலை நான்கு கோழிகளும் தாமாகவே உள்ளே போய்க் கழியில் ஏறி உட்கார்ந்தன. நான் வெற்றி வீரனைப்போல மனைவியைப் பார்த்தேன்.

“தலைக்கு மேலே காற்றுப் போக வழி வேண்டுமென்று தெரிந்துகொண்டீர்களே, சந்தோஷம்” என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குள் போனாள்.

இந்த வீட்டுக்குப் படம் போட்டவனும் நான்தான். கூடத்துக்கு மூன்று ஜன்னல்கள் வைத்தேன். சமையலறைக்கு ஒன்று, அதுவும் மேற்கு வெயிலுக்கு நேராக. பன்னிரண்டு வருஷங்களில் முதல் தடவையாக, அடுப்பு எரியும்போது அங்கே போய்க் கால்மணி நேரம் நின்றேன். வியர்த்துக் கொட்டியது. பேசத் தெரிந்த ஜீவன்தான் அவள். ஆனாலும் நான் கேட்டதில்லை.

மறுநாள் தச்சர் கூலி வாங்க வந்தார்.

“நாளைக்கு ஒரு கொத்தனாரை அழைத்து வாருங்கள். ஒரு ஜன்னல் வைக்க வேண்டும்” என்றேன்.

“எந்த இடத்திலுங்க?” என்று கேட்டார் அவர்.

“உள்ளே அம்மா இருக்கிறார்கள். அவர்களைக் கேளுங்கள்” என்றேன்.