தெரிவின் சுமை

வேண்டியது கிடைக்காத துன்பத்தை மனித இனம் நெடுங்காலமாக அறியும். வேண்டியதற்கு மேல் கிடைப்பதும் துன்பமாகலாம் என்பது அண்மைக் காலத்தில்தான் பலருக்கும் தெரியவந்தது. பொருளில்லாதவனுக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். ‘அந்தத் துன்பம் எனக்கும் வரட்டுமே’ என்று அவன் நகைக்கவும் கூடும். எனினும் ஒரு சாரார் இத்துன்பத்தை உள்ளபடியே உணர்ந்திருக்கின்றனர். செல்வ நாட்டிலே பிறந்து, ஏழை நாட்டிலே சில ஆண்டுகள் வாழ்ந்து, பின்னர்த் தாய்நாடு திரும்பியவர்களே அவர்கள். அவர்தம் அனுபவத்தைக் கொண்டு, தெரிவு பெருகினால் சுதந்திரமும் பெருகுமா என்னும் வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி 1961-ஆம் ஆண்டில் ‘பீஸ் கோர்’ என்னும் தொண்டர் அமைப்பை நிறுவினார். அதில் சேர்ந்தோர் ஆசிரியர்களாகவும், வேளாண்மைக்கும் நலவாழ்வுக்கும் துணைபுரிவோராகவும் வளர்ந்துவரும் நாடுகளுக்குச் சென்றனர். பயிற்சிக் காலம் நீங்கலாக இரண்டு ஆண்டுகள், சென்ற ஊர் மக்களோடு அவர்களைப் போலவே வாழ்வது அவர்கள் மேற்கொண்ட நெறி. நம் நாட்டிலும் 1961 முதல் 1976 வரை அத்தொண்டர்கள் பணியாற்றினர். ஊர்க் கடையில் ஒரே வகைச் சோப்பு, சந்தையில் அந்தந்தப் பருவத்துக் காய், மாற்றிக் கொள்ள நான்கு உடைகள் என்று வாழ்ந்து பழகிய அவர்களுள் பலர், தாய்நாடு திரும்பியதும் ஒரே வகையான செய்தியைச் சொல்லியிருக்கின்றனர். அயல்நாட்டில் கால் வைத்தபோது அடைந்த திகைப்பைவிடச் சொந்த ஊர்ப் பேரங்காடியில் அடைந்த திகைப்பே பெரிது என்பதே அது.

அமெரிக்கப் பேரங்காடி ஒன்றில் ஏறத்தாழ 30,000 வகைப் பொருள்கள் இருக்கும். காலைச் சிற்றுண்டிக்கான தானியப் பெட்டிகள் மட்டுமே ஒரு நீண்ட வரிசையை நிரப்பும். அவ்வரிசையின் முன் நெடுநேரம் நின்று, ஒன்றும் எடுக்க இயலாமல், வெறுங்கையோடு வெளியேறியவர்கள் உண்டு. கண்ணீர் விட்டவர்களும் உண்டு. பசி இருந்தது, பணம் இருந்தது, பொருளும் இருந்தது. பிறகு எது தடுத்தது?

கலெர்வோ ஓபெர்க் என்னும் மானிடவியல் அறிஞர் 1960-இல் வெளிவந்த தம் கட்டுரையில், அயல்நாடு செல்வோர் அடையும் ‘பண்பாட்டு அதிர்ச்சி’யை விளக்கினார். அந்த அதிர்ச்சி திரும்பி வரும்போதும் நேர்கிறது என்பதை 1963-இல் கல்லஹார்ன் தம்பதியர் எடுத்துக்காட்டினர். அயல்நாட்டில் ஒருமுறை தாழ்ந்து எழும் மனம், தாய்நாட்டில் மீண்டும் ஒருமுறை தாழ்ந்து எழுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. முதல் அதிர்ச்சிக்கு மனிதன் ஆயத்தமாக இருக்கிறான். போகும் இடம் புதிது என்பது அவனுக்குத் தெரியும். இரண்டாவது அதிர்ச்சியோ எதிர்பாராதது. தன் வீடு மாறாது என்று நம்பி வருகிறான். வீடு பெரிதாக மாறவில்லை. மாறியது அவன் மனமே என்பதை அறியச் சில நாள்கள் ஆகின்றன.

பொருள்களின் எண்ணிக்கையே இத்திகைப்புக்குக் காரணம் என்று முதலில் கருதப்பட்டது. ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் என்னும் உளவியல் அறிஞர்கள் 2000-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு மிகவும் புகழ்பெற்றது. கலிபோர்னியாவில் ஒரு கடையில் பழப்பாகு வகைகளைச் சுவைத்துப் பார்க்க வைத்தனர். 24 வகைகள் வைத்தபோது மிகுதியானோர் நின்று பார்த்தனர். ஆனால் அவர்களுள் வாங்கியவர் நூற்றுக்கு 3 பேரே. 6 வகைகள் மட்டும் வைத்தபோது நின்றவர்களுள் நூற்றுக்கு 30 பேர் வாங்கினர். ஆயினும், பின்னர் நடந்த இவ்வகைச் சோதனைகள் பலவற்றை 2010-இல் ஒருங்கே தொகுத்துப் பார்த்த அறிஞர்கள், எண்ணிக்கை மிகுவதால் மட்டும் எங்கும் எப்போதும் இவ்விளைவு நேர்வதில்லை என்று கண்டனர். 2015-இல் வந்த மற்றோர் ஆய்வு, இது எந்த நிலைகளில் நேர்கிறது என்பதை வகுத்துக் கூறியது. அவற்றுள் ஒன்று நம் வினாவுக்கு விடை தருவதாகும். தனக்கு எது பிடிக்கும் என்பதில் உறுதியில்லாதவனுக்கே தெரிவின் பெருக்கம் சுமையாகிறது.

இங்கு சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அதே அங்காடியில், அதே வரிசையின் முன், அவ்வூர்க்காரர்கள் ஒரு நொடியும் தயங்காமல் பெட்டியை எடுத்துச் செல்கின்றனரே, எவ்வாறு? அவர்கள் அன்று எதையும் தெரிவு செய்யவில்லை. தாய் வாங்கியது, விளம்பரம் சொன்னது, சென்ற வாரம் வாங்கியது என்று பழக்கம் அவர்களுக்காக முன்பே முடிவு செய்துவிட்டது. முப்பதாயிரம் பொருள்களில் அவர்கள் கண்ணுக்குத் தெரிவன சிலவே. இரண்டு ஆண்டுகள் வெளியே வாழ்ந்து திரும்பியவனிடம் அந்தப் பழக்கம் இல்லை. ஆகவே ஒவ்வொரு பெட்டியும் அவனை நோக்கி, ‘நான் வேண்டுமா, வேண்டாமா? ஏன்?’ என்று கேட்கிறது. அந்தக் கூட்டத்தில் உண்மையாகவே தெரிவு செய்ய முயல்பவன் அவன் ஒருவனே! அவனுடைய திகைப்பு, மற்றவர் கேளாது விட்ட வினாவைக் கேட்கும் மனத்தின் நிலையாகும்.

இதனால் வறுமையே நன்று, கடையில் ஒரே வகைச் சோப்பு இருப்பதே அறம் என்று கூறிவிடலாமா? கூடாது. 1989 செப்டம்பரில் சோவியத் தலைவர்களுள் ஒருவரான போரிஸ் எல்ட்சின், அமெரிக்காவில் ஹூஸ்டன் நகருக்கு அருகே ஒரு பேரங்காடியைப் பார்க்க நேர்ந்தது. நிறைந்திருந்த அடுக்குகளைக் கண்டு தம் நாட்டு மக்களுக்காக மனம் நொந்ததாக அவர் பின்னர் எழுதினார். ரொட்டிக்கும் இறைச்சிக்கும் வரிசையில் காத்திருந்த மக்களை எண்ணியவருக்கு அந்த அங்காடியில் அழுகை வந்தாலும், அது தொண்டரின் அழுகையன்று.

பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டியிருக்கிறார். உண்ணா நோன்பு இருப்பவனும் உணவின்றிப் பட்டினி கிடப்பவனும் உடலளவில் ஒரே நிலையினர். ஆனால் நோன்பிருப்பவன் உண்ண இயன்றும் உண்ணாதவன். மற்றவனுக்கு அவ்வியல்பு இல்லை. தொண்டர்களின் எளிய வாழ்வு ஒரு நோன்பு. அவர்கள் திரும்பிச் செல்ல வழி இருந்தது. அவர்கள் வாழ்ந்த ஊர் மக்களின் எளிமையோ அவர்கள் வேண்டிப் பெற்றதன்று. இவ்வேறுபாட்டை மறந்தால், திரும்பியவன் உள்ளத்தில் ஒரு செருக்குப் புகும். விருந்துக்கு அழைத்த தங்கையிடம், ‘இத்தனை பண்டம் எதற்கு?’ என்று கேட்கத் தோன்றும். அவள் அன்போடு பரிமாறியதை அவன் ஆடம்பரம் என்று எண்ணுவான். எளிமையைக் கற்றவன் அன்பை இழந்து வந்தால், அவன் கற்றதனால் ஆய பயன் யாது?

நம் நாட்டிற்கு இவ்வினா அயலானதன்று. 1991-ஆம் ஆண்டின் பொருளாதார மாற்றங்களுக்கு முன், சாலையில் ஓடிய கார்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று வகையினவே. ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோர் உண்டு. வீட்டில் இருந்த தொலைக்காட்சியில் தூர்தர்ஷன் ஒன்றே தெரிந்தது. அக்காலத்தில் இங்கிருந்து சென்றவர்கள் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பியபோது, தாம் விட்டுச் சென்ற இந்தியாவைக் காணாது திகைத்தனர். இன்றோ எவரும் கடல் கடக்க வேண்டியதில்லை. கைப்பேசியைத் திறந்தால் பேரங்காடியே வீட்டுக்குள் வந்து நிற்கிறது.

பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு இதில் தனிப்பட்ட பாடம் ஒன்று உண்டு. பழக்கம் என்பது சிறு செய்திகளில் நமக்கு நல்ல பணியாள். எந்தப் பற்பசை, எந்தத் தேயிலை என்று நாள்தோறும் ஆராய்ந்தால் வாழ்நாள் போதாது. ஆனால் அதே பழக்கம் பெரிய செய்திகளிலும் நம்மைக் கேளாமல் முடிவு செய்துவிடுகிறது. ஒரு கைப்பேசி வாங்க மூன்று வாரம் விலையும் குணமும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். வீட்டில் குழந்தையோடு எம்மொழியில் பேசுவது என்பதைப் பற்றி ஒருநாளேனும் கணவனும் மனைவியும் அமர்ந்து பேசி முடிவு செய்தோமா? பெரும்பாலான இல்லங்களில் அது முடிவு செய்யப்படவில்லை, தானே நடந்தது. ஊரில் இருக்கும் முதிய பெற்றோரை ஆண்டுக்கு எத்தனை முறை காண்பது, விடுப்புப் பயணச் சலுகையைச் சுற்றுலாவுக்குப் பயன்படுத்துவதா அவர்களைக் காணப் பயன்படுத்துவதா என்பனவும் அவ்வாறே. சிறியவற்றில் அளவின்றித் தெரிவு செய்து களைத்த மனம், பெரியவற்றில் தெரிவு செய்யும் ஆற்றலின்றி நிற்கிறது.

திருவள்ளுவர் ‘அவாவறுத்தல்’ என ஓர் அதிகாரமும், ‘தெரிந்துசெயல்வகை’ என ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார். ஆசையைக் குறைத்தல் வேறு, ஆராய்ந்து செய்தல் வேறு. வாழ்வுக்கு இரண்டும் வேண்டும். சந்தையில் குவிந்திருந்த பொருள்களைக் கண்ட சாக்ரடீஸ், தமக்குத் தேவையில்லாதவை எத்தனை இருக்கின்றன என்று வியந்ததாகக் கூறுவர். அவர் கடைகளை மூடச் சொல்லவில்லை. தமக்கு வேண்டுவது எது என்பதை அறிந்திருந்தார். ஆதலால் அவருக்குச் சந்தை சுமையாகவில்லை.

திரும்பி வந்த தொண்டனின் திகைப்பு சில மாதங்களில் மறைந்துவிடும். புதிய பழக்கம் படிந்ததும் அவனும் மற்றவரைப் போல் நொடியில் பெட்டியை எடுத்துச் செல்வான். அது இயல்பே, அதில் குற்றமில்லை. அத்திகைப்பு நீடித்த நாள்களில், தன் தெரிவுக்கு உரியவை எவை, பழக்கத்திடம் விட்டுவிடத் தக்கவை எவை என்று அவன் ஒருமுறை பிரித்தறிந்திருந்தால் போதும். கடையின் அடுக்குகள் எத்தனை நீண்டாலும் அவன் மனம் அவற்றுக்கு அடிமையாகாது. அவ்வாறு பிரித்தறியும் பணி, எங்கும் செல்லாமல் இருக்கும் இடத்திலேயே வாழும் நமக்கும் உரியதேயாம்.