செல்போன் சொல்லுமா சத்தியம்?

சிதம்பரம், இளமையாக்கினார் கோயில். தரிசனம் முடித்துத் திருக்குளப் படித்துறையில் அமர்ந்திருந்தேன். சற்றுத் தள்ளி, நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி ஒருவர், அர்ச்சனைத் தட்டை மடியில் வைத்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். மெள்ளப் பேச்சுக் கொடுத்தேன். பத்திரிகையில் எழுதுகிறவள் என்று தெரிந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டார்...

'ஏம்மா, புருஷனோட போனை அவருக்குத் தெரியாம எடுத்துப் பார்க்கிறது பாவமா?'

ஒரு நாள் அப்படிப் பார்த்திருக்கிறார். கண்ணில் படக் கூடாதது பட்டுவிட்டது. கணவர் அழுது மன்னிப்புக் கேட்டார். இரண்டு வருடம் ஓடிவிட்டது. 'ஆனாலும் அவர் தூங்கினதும் என் கை தானா போனைத் தேடுதும்மா. அதுல ஒண்ணும் இல்லேன்னா நிம்மதி வரணும்ல? வரலையே! அழிச்சிருப்பாரோன்னுதான் தோணுது' என்றார்.

இந்தக் கேள்விக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள், வாசகர்களே?

நீதிமன்றங்களும் இந்த விஷயத்தை அலசியிருக்கின்றன. அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். மனைவிக்குத் தெரியாமல் எடுத்த அவருடைய போன் அழைப்பு விவரங்களை ஒரு கணவர் சாட்சியமாகத் தாக்கல் செய்தபோது, 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை ஏற்கவில்லை. ஆனால், 2025 ஜூலையில் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், தம்பதியரில் ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்த பேச்சை மண வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. கூடவே, ஒருவரை ஒருவர் வேவு பார்க்கும் நிலை வந்துவிட்டதென்றால், அங்கே நம்பிக்கை ஏற்கெனவே உடைந்துவிட்டது என்றும் சுட்டிக்காட்டியது.

ஆக, போன் சாட்சி சொல்லும். உடைந்ததை ஒட்டவைக்குமா? அதற்கான விடை, நாங்கள் இருவரும் அமர்ந்திருந்த அந்தக் குளக்கரையிலேயே இருக்கிறது!

தில்லையில் வாழ்ந்த குயவர் திருநீலகண்டர். சிவனடியார்களுக்குத் திருவோடு செய்து கொடுப்பதே அவருடைய தொண்டு. அப்படிப்பட்டவரும் ஒரு நாள் தவறினார். பரத்தை வீட்டுக்குப் போய் வந்தார். மனைவிக்குத் தெரிந்துவிட்டது. அந்த அம்மையார் ஊரைக் கூட்டவில்லை. அவர் பின்னால் ஆள் அனுப்பி வேவு பார்க்கவும் இல்லை. வீட்டு வேலைகளை வழக்கம்போல் செய்தார். கணவர் நெருங்கியபோது, இறைவனின் திருநீலகண்டத்தின் மீது ஆணையிட்டு, தீண்டக் கூடாது என்று தடுத்துவிட்டார்.

அப்போது அவர் 'என்னை' என்று சொல்லவில்லை. 'எம்மை' என்று பன்மையில் சொன்னார். நாயனார் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். 'இனி எந்தப் பெண்ணையும் மனத்தாலும் தீண்டேன்' என்று உறுதி பூண்டார். மனைவி கேட்டது ஒன்று. கணவர் கொடுத்ததோ அதைவிடப் பெரிது! ஒரே வீட்டில், அயலார் அறியாதபடி, முதுமை வரை இருவரும் அந்த ஆணையைக் காத்தார்கள்.

பிறகு, சிவனார் யோகியாக வந்து ஓர் ஓட்டைக் கொடுத்துவைத்ததும், அதை மறையச் செய்ததும், 'நீ திருடவில்லை என்றால் மனைவியின் கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்' என்றதும் நீங்கள் அறிந்த கதைதான். மூங்கில் கோலின் இரு முனைகளையும் ஆளுக்கொன்றாகப் பற்றித் தம்பதி குளத்தில் இறங்கினர். யோகி விடவில்லை. அப்போதுதான் நாயனார், அத்தனை காலம் மறைத்துவைத்திருந்த தன் பிழையை, ஊரார் கேட்கத் தன் வாயாலேயே சொன்னார். மூழ்கி எழுந்தபோது இருவரும் இளமை பெற்றிருந்தனர்.

கவனியுங்கள் அன்பர்களே... தவறிய கணவர், 'அது என் சொந்த விஷயம்' என்று வாதாடவில்லை. அந்தரங்கம் வேறு, கள்ளத்தனம் வேறு. நம் போனில் தங்கை சொல்லி அழுத துயரம் இருக்கும். தோழியின் வீட்டுக் கஷ்டம் இருக்கும். அவை அவர்கள் நம்மை நம்பிச் சொன்னவை. அவற்றைக் கணவரிடமோ மனைவியிடமோகூடக் காட்டாமல் காப்பது அந்தரங்கம். கட்டிய துணையை ஏமாற்றுவதற்காகப் போடும் பூட்டு, கள்ளத்தனம். நம்பிக்கையை உடைத்தவர் 'அந்தரங்கம்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது நியாயமில்லை.

அதேபோல், தூங்குகிறவரிடமிருந்து எடுத்த போன் ஆயிரம் முறை 'ஒன்றுமில்லை' என்று சொன்னாலும் மனம் ஏற்காது. அவரே முன்வந்து, கேட்டதற்கும் மேலாகத் திறந்து வைத்தால்தான் மனம் ஆறும். பறித்த போன் தருவது தகவல். அவராகக் கொடுத்த போன் தருவது நம்பிக்கை!

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். காலமெல்லாம் பொறுத்துப் போ என்று பெண்ணுக்குச் சொல்லும் கதை அல்ல இது. மறுப்பதற்கு அந்த அம்மையாருக்கு உரிமை இருந்தது. அதை நாயனாரும் மதித்தார். அடியும் மிரட்டலும் உள்ள வீட்டில் ரகசியம் காக்கத் தேவையில்லை. பெரியவர்களிடம் சொல்லுங்கள், 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது.

அந்தப் பெண்மணியிடம் இதைத்தான் சொன்னேன். 'முதல் நாள் பார்த்தது பாவமா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, அக்கா. ஆனால், இரண்டு வருடமாக ஒவ்வொரு ராத்திரியும் நீங்கள் அனுபவிப்பது தண்டனை. தவறு செய்தவர் அவர், தண்டனை உங்களுக்கா? போனைக் கேட்காதீர்கள். அவரையே நேருக்கு நேர் கேளுங்கள்.'

வெகுநேரம் பேசாமல் இருந்தவர், எழுந்து குளத்து நீரைத் தலையில் தெளித்துக்கொண்டார்.

'நான் இன்னும் போன் பார்க்கிறேன்னு அவருக்குத் தெரியாதும்மா. முதல்ல அதை நான் சொல்லிடறேன். தை விசாகத்துக்கு இங்கே விசேஷமாமே... அவரையும் கூட்டிட்டு வரப் பார்க்கிறேன்' என்றார்.

இளமையாக்கினார் அருளட்டும்!