கணனி பொய் சொல்லுமா?

சென்ற நவராத்திரி விழாவின்போது எமது ஆலயத் தமிழ்ப் பாடசாலை மாணவர்களுக்காக நடத்தப்பட்ட பேச்சுப் போட்டியில் நடுவர்களுள் ஒருவராக அமரும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. மேற்பிரிவினருக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு ‘விஞ்ஞானமும் சமுதாயமும்’. நாம் ஊரில் படித்த காலத்திலும் இதே தலைப்புத்தான். நாம் அணுகுண்டில் தொடங்கினோம். இப்பிள்ளைகள் கைத்தொலைபேசியில் தொடங்கினார்கள்.

அவர்களுள் 16 வயது மாணவி ஒருவர் மிக அழகாகப் பேசினார். மனிதன் மறந்துபோவான், பொய் சொல்வான், ஆள் பார்த்து நடப்பான். கணனிக்கு இனமும் தெரியாது, மதமும் தெரியாது, அது உள்ளதை உள்ளபடி சொல்லும். ஆகவே வருங்காலத்தில் நீதி வழங்கும் பணியையும் அதனிடமே ஒப்படைக்கலாம் என்பது அவருடைய வாதம். மண்டபம் கரகோஷத்தால் அதிர்ந்தது. முதற்பரிசுக்கு நாமும் கையொப்பமிட்டோம். ளகர ழகரம் பிழையின்றிப் பேசிய பிள்ளைக்குப் பரிசு கொடுத்ததில் எமக்கு இன்றும் வருத்தமில்லை. ஆனால் அன்றிரவு எமக்கு நித்திரை வரவில்லை. காரணத்தைச் சற்றுப் பின்னர் சொல்கிறோம்.

அம்மாணவியின் வாதம் எம்மைப் போன்றவர்களுக்கு இனிப்பானது. ஊரில் சுற்றிவளைப்புகளைக் கண்டவர்களுக்குத் ‘தலையாட்டி’ என்றால் யாரென்று விளக்க வேண்டியதில்லை. இங்கு பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம்: ஊர் ஆண்களை வரிசையில் விட்டு, முகத்தை மூடிய ஒருவர் முன்னால் நடத்துவார்கள். அவர் தலையை ஆட்டினால் அந்த ஆள் பிடிபட்டார். பயத்தில் ஆட்டினாரா, பழைய காணித் தகராற்றை நினைத்து ஆட்டினாரா என்று கேட்க எவருக்கும் வழியில்லை. அங்கிருந்து வந்தவர்களுக்கு, ஆள் பார்க்காமல் இலக்கம் சொல்லும் இயந்திரம் ஒரு பெரிய ஆறுதல். நாம் கணக்கியலைத் தொழிலாகக் கொண்டதிலும் அந்த ஆறுதலுக்கு ஒரு பங்கு உண்டு.

ஆனால் நாம் தஞ்சம் புகுந்த இந்தப் பிரித்தானியாவில் நடந்தது என்ன? 1999ஆம் ஆண்டு தொடக்கம் தபாற்கந்தோர்களில் ‘ஹொரைசன்’ என்னும் கணனிக் கணக்கு முறை புகுத்தப்பட்டது. அதனை அமைத்தது ஃபுஜிட்சு நிறுவனத்தைச் சேர்ந்த பகுதி. கடையின் ஒரு மூலையில் தபாற் கருமபீடம் வைத்திருக்கும் உப தபாலதிபர்களை நாம் எல்லோரும் அறிவோம். அவர்களில் இந்திய உபகண்டத்தவர் பலர். கணனி அவர்களுடைய கணக்கில் பணம் குறைகிறது என்றது. ஒப்பந்தப்படி குறைந்த பணத்தை அவர்களே கட்ட வேண்டும். கட்டினார்கள், வீட்டை ஈடுவைத்தும் கட்டினார்கள். மீண்டும் குறைந்தது. 1999க்கும் 2015க்கும் இடையில் களவு, பொய்க் கணக்கு ஆகிய குற்றச்சாட்டுகளில் 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். பெரும்பாலான வழக்குகளில் பணம் போனது என்று முறையிட்டதும், விசாரித்ததும், வழக்குத் தொடுத்ததும் அதே தபால் நிறுவனமே.

ஹம்ப்ஷயர் கிராமமொன்றில் கடை நடத்திய ஜோ ஹமில்ரன் என்ற பெண்மணி 2,000 பவுண் குறைகிறது என்று உதவித் தொலைபேசிக்கு அழைத்தார். அவர்கள் சொன்னபடி விசைகளை அழுத்த, அவர் கண்முன்னாலேயே அது 4,000 ஆகியது. பிரிட்லிங்ரனில் லீ காசில்ரன் 91 தடவை அழைத்தார். ஏறத்தாழ 25,000 பவுண் குறைவுக்காகத் தொடங்கிய வழக்கில் தோற்று, 3 இலட்சத்து 21 ஆயிரம் பவுண் செலவுத்தொகை சுமத்தப்பட்டு வங்குரோத்தானார். சரே பகுதியைச் சேர்ந்த சீமா மிஸ்ரா 2010 நவம்பரில் சிறை சென்றபோது வயிற்றில் பிள்ளை. அன்று அவருடைய மூத்த மகனுக்குப் பத்தாவது பிறந்தநாள்.

உதவி கேட்டு அழைத்த பலருக்கும் கிடைத்த பதில், “உங்களுக்கு மட்டுந்தான் இப்படி நடக்கிறது” என்பதாகும். இதை நாம் வாசித்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டோம். அந்த மனிதர் தன் கையை, தன் மனைவியை, கடையில் நிற்கும் பெடியனைச் சந்தேகிப்பார். கணனியை மட்டும் சந்தேகிக்க மாட்டார்.

2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஹொரைசனில் பிழைகள் இருந்தன என்றும், தபாற்கந்தோரில் இருப்பவருக்குத் தெரியாமலே ஃபுஜிட்சுவில் இருந்தபடி அவருடைய கணக்கை மாற்ற முடிந்தது என்றும் தீர்ப்பளித்தது. 2021 ஏப்ரலில் 39 பேருடைய தண்டனைகள் நீக்கப்பட்டன. 2024 மே மாதத்தில் பாராளுமன்றம் தனிச்சட்டமே இயற்றி மற்றும் பலருடைய தண்டனைகளை நீக்கியது. 2025 ஜூலையில் வெளிவந்த விசாரணை அறிக்கையின் முதற்பகுதி, இதன் காரணமாகக் குறைந்தது 13 பேர் தம்முயிரை மாய்த்திருக்கக்கூடும் என்கிறது.

எல்லோரும் தபால் நிறுவனத்தைத்தான் திட்டுகிறார்கள். எமக்கு அதைவிடச் சட்டப் புத்தகத்தின் ஒரு மூலைதான் உறுத்துகிறது. 1984ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் 69ஆம் பிரிவின்படி, கணனிப் பதிவைச் சாட்சியமாகக் கொண்டுவருபவர் அக்கணனி ஒழுங்காக இயங்கியது என்று காட்ட வேண்டியிருந்தது. அது வீண் சிரமம் என்று கருதி 1999இல் நீக்கினார்கள். அதன்பின் இங்கிலாந்திலும் வேல்ஸிலும், மறுத்துக் காட்டப்படும்வரை கணனி சரியாக இயங்கியது என்றே கொள்ளப்பட்டது. ஹொரைசன் தபாற்கந்தோர்களுக்கு வந்த அதே காலம்! மனிதனைப் பார்த்து ‘குற்றம் நிரூபிக்கப்படும்வரை நிரபராதி’ என்ற சட்டம், அவனுக்கெதிராக நிற்கும் இயந்திரத்துக்கும் அதே சலுகையைக் கொடுத்தது. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கும்போது இரண்டுமே நிரபராதிகளாக இருக்க முடியாதே. இயந்திரத்தின் பிழையைக் காட்டத் தேவையான பதிவுகளோ குற்றஞ்சாட்டியவரின் கையில் இருந்தன. இவ்விதியை மாற்றலாமா என்று நீதி அமைச்சு 2025 ஜனவரியில்தான் கருத்துக் கோரியது.

இனி, நித்திரை வராத காரணம். 2017ஆம் ஆண்டு. நாம் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் நம்மவர் கடையொன்றில் ஏழு வாரங்களில் 640 பவுண் குறைந்தது. ரில் இயந்திரத்தின் நாளாந்த அறிக்கைகளை நாம் நிரைப்படுத்திப் பார்த்தபோது, குறைவு மாலை வேளைகளில் மட்டுமே வந்தது. மாலையில் நின்றவர் ஊரிலிருந்து படிக்க வந்திருந்த ஒரு தம்பி. கடை முதலாளி எம்மைப் பார்த்தார். நாம், “மிஷின் பிழை விடாது” என்றோம். அந்தத் தம்பி எம்மிடம் வந்து, “அண்ணை, நான் எடுக்கேல்லை. வேணுமெண்டால் கமராவைப் போட்டுப் பாருங்கோ” என்று சொன்னார். அத்தனை மணித்தியாலப் படத்தை யார் இருந்து பார்ப்பது? இரண்டு வாரச் சம்பளத்தை மறித்துக்கொண்டு அவரை அனுப்பிவிட்டார்கள்.

காலாண்டு முடிந்து வற் கணக்குக்காக வங்கிக் கூற்றுடன் ஒப்பிட்டபோது, காட் மூலம் வங்கிக்கு வந்த பணம் ரில் காட்டிய தொகையிலும் 612 பவுண் கூடுதலாக இருந்தது. காட் இயந்திரத்துக்கும் ரில்லுக்கும் இடையிலான தொடர்பு நெரிசலான மாலை வேளைகளில் அறுந்திருக்கிறது. அப்போதெல்லாம் காட்டில் செலுத்திய பணம் வங்கிக்குப் போய்ச் சேர, ரில் அதனைக் காசு என்று பதிந்துவிட்டது. மிகுதி 28 பவுண் எந்தக் கடையிலும் மிச்சக்காசு மாறிக் கொடுப்பதில் போவதுதான்.

இரண்டு பதிவுகள் முரண்பட்டால் எதையும் முன்கூட்டியே நம்பாமல் இரண்டையும் ஒப்பிடு என்பது எமது தொழிலின் அரிச்சுவடி. அதை ஏழாம் வாரமே செய்திருந்தால் அரை மணித்தியால வேலை. அன்று நாம் செய்ததை விஞ்ஞானம் என்று சொல்ல முடியாது. விஞ்ஞானி கருவியையும் சோதிப்பான்; முடிவு வினோதமாக இருந்தால் மறுபடி செய்து பார்ப்பான். ஹமில்ரனின் கண்முன் 2,000 பவுண் 4,000 ஆனதை ஒரு விஞ்ஞானி கண்டிருந்தால் அன்றிரவு வீட்டுக்குப் போயிருக்க மாட்டான். பெட்டிக்குள் போட்டு விலைக்கு விற்கப்பட்டதும், அதே அறிவு கேள்வி கேட்கக்கூடாத ஒன்றாக மாறிவிடுகிறது. எமது மாணவி விஞ்ஞானத்துக்குக் கொடுத்த புகழை நாம் அந்தப் பெட்டிக்குக் கொடுத்துவிட்டோம்.

வைகாசியில் வற்றாப்பளையில் பொங்கல் வைக்கும் எமக்கு இது புதிய கதையுமல்ல. பாண்டியன் கொடியவனல்லன். நகை விடயத்தில் பொற்கொல்லனைவிட அறிந்தவர் யார் என்று நம்பினான். அந்த நிபுணனே திருடன் என்பதும், சிலம்பைத் திறந்தால் முத்தா மாணிக்கமா என்பது தெரிந்துவிடும் என்பதும் அவனுக்குத் தோன்றவில்லை. கண்ணகி வந்து உடைத்தபோது கோவலன் இல்லை.

அதற்காக எல்லா இயந்திரத்தையும் சந்தேகித்தால் கடை நடத்த முடியுமா என்று கேட்பீர்கள். முடியாதுதான். ரில்லில் கைவைத்தவர்களையும் நாம் கண்டிருக்கிறோம்; இயந்திரம் சொன்னது சரியாகவும் இருந்திருக்கிறது. இலக்கம் பிழைத்தால் நட்டம் எமக்கு என்றால் நம்பிவிட்டுப் போகலாம். நட்டம் இன்னொருவருடைய பெயருக்கு என்றால் திறந்து பார்க்காமல் வாய் திறக்கக்கூடாது. உண்டியல் எண்ணும்போது மூவர் இருந்து எண்ணி மூவரும் கையொப்பமிடுகிறோம். அர்ச்சனைச் சிட்டைக்குக் கணனி வந்த பின்னர் அந்தக் கருமபீடத்தில் ஒரு தொண்டர் தனியே இருக்கிறார். ஒருநாள் ஐம்பது பவுண் குறைந்தால் யாரைப் பார்ப்போம்? நிர்வாக சபை இதனை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ள வேண்டுமென்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

இவற்றையெல்லாம் பரிசு பெற்ற மாணவியிடம் ஒரு வெள்ளிக்கிழமை சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்த அண்ணாவிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா, அங்கிள்?” என்றார்.

நாம் தேடியபோது அவருடைய தொலைபேசி இலக்கம் மாறியிருந்தது. இருந்த அறையையும் விட்டுப் போயிருந்தார். முதலாளி மறித்த சம்பளத்தை எம்மிடம் தந்துவிட்டார். அது வேறாக வைக்கப்பட்டிருக்கிறது. அவர் தன்னைத்தான் சொல்கிறோம் என்று இதனைப் படித்ததும் அறிவார். அவரைத் தெரிந்தவர் எவராயினும் இவ்விதழை அவரிடம் சேர்ப்பித்து, வெள்ளிக்கிழமைகளில் பூசை முடிந்தபின் நாம் அன்னதான மண்டபத்தில் இருப்போம் என்று சொல்லிவிடுங்கள்.