கொள்வோன் யார்?

கல்வி என்பது தருவோன், பெறுவோன் என்னும் இருவர்க்கிடையே நிகழ்வது. தருவோனுக்கு உரிய தகுதிகள் யாவை என்று வினவினால் பயிற்சி, பட்டம், பட்டறிவு என விடை கூறிவிடலாம். பெறுவோனுக்கும் தகுதி வேண்டுமோ என்று வினவும்போதுதான் சிக்கல் எழுகின்றது. ஐந்து வயதில் பாலர் பள்ளியின் வாயிலுக்கு வரும் ஒரு குழந்தைக்குப் பேச்சு வாராதிருக்கலாம்; பெயர் சொல்லி அழைத்தாலும் அது திரும்பிப் பாராதிருக்கலாம்; ஓரிடத்தில் அமர இயலாமல் ஓடித் திரியலாம்; கண்ணோ செவியோ குறைபட்டிருக்கலாம். அக்குழந்தையை ஏனைய குழந்தைகளோடு ஒரே வகுப்பில் அமர்த்துதல் தகுமா? அமர்த்தாது விடுதல் அறமாகுமா?

தமிழாசிரியர்க்கு இவ்வினா முற்றிலும் புதியதன்று. பவணந்தி முனிவரின் நன்னூல், தன் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரை மூவகைப்படுத்துகின்றது. அன்னமும் பசுவும் தலைமாணாக்கர்க்கு உவமை. மண்ணும் கிளியும் இடைமாணாக்கர்க்கு உவமை. ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியன கடைமாணாக்கர்க்கு உவமை. அதனோடு நில்லாமல், நூல் கற்பிக்கத் தகாதவர் இன்னின்னார் என ஒரு வரிசையையும் அது தருகின்றது. கள்வனும் சினமுடையவனும் வஞ்சகனும் அவ்வரிசையில் நிற்பதில் வியப்பில்லை. ஆனால் பிணியுடையவனும் மந்த அறிவினனும் அவர்களோடு ஒருங்கே நிற்கின்றனர். கள்வன் தான் செய்த செயலால் விலக்கப்படுகின்றான். பிணியாளனோ தான் செய்யாத ஒன்றால் விலக்கப்படுகின்றான். இவ்விரு விலக்கும் ஒரே நிறையுடையன அல்ல.

அதே பாயிரம், பாடஞ்சொல்லும் முறையை உரைக்குமிடத்து மற்றொரு நெறியைக் காட்டுகின்றது. காலமும் இடமும் அறிந்து, மாணாக்கன் எவ்வகையில் ஏற்க வல்லவன் என்பதை உணர்ந்து, அவன் உள்ளத்தில் பதியுமாறு ஆசிரியன் கற்பித்தல் வேண்டும் என்பதே அந்நெறி. மாணாக்கரை மட்டுமன்றி ஆசிரியரையும் நன்னூல் தரம் பிரிக்கின்றது. நல்லாசிரியர்க்கு நிலமும் மலையும் துலாக்கோலும் மலரும் உவமையாகின்றன. ஆசிரியராகத் தகாதவர்க்கோ முடத்தெங்கு ஓர் உவமை. ஒருவர் நீர் வார்த்து வளர்க்க, வளைந்து போய் வேலிக்கு அப்பால் பிறர் மனையில் காய் உதிர்க்கும் தென்னை அது. ஆகவே, ஒரே பாயிரத்தில் இரு குரல்கள் ஒலிக்கின்றன. ஒரு குரல், தகுதியற்றவனை விலக்கு என்கின்றது. மற்றொரு குரல், அவன் கொள்ளும் வகையை அறிந்து கொடு என்கின்றது. இன்றைய பாலர் பள்ளிக்கு இவற்றுள் எக்குரல் பொருந்தும்?

ஆசிரியனை மாணாக்கன் தேடிச் செல்ல, ஆசிரியன் தான் விரும்பியவனை ஏற்றுக்கொண்ட காலத்தின் நூல் நன்னூல். அன்று கல்வி ஒருவர் வழங்கும் கொடை. கொடையாளி யார்க்குக் கொடுப்பது என்று தேர்ந்தெடுப்பதை எவரும் தடுத்தல் இயலாது. இன்றோ கல்வி குழந்தையின் உரிமை. உரிமையைப் பெறுவதற்குத் தகுதிச் சான்று கேட்பது முரணாகும்.

இவ்வுண்மையைச் சட்டங்களும் மெல்ல மெல்லவே உணர்ந்தன. மலேசியாவில் 1997ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி விதிமுறைகள், பிறர் துணையின்றித் தன்னைத் தானே பேணிக்கொள்ள வல்ல குழந்தையையே கற்பிக்கத் தக்கதாகக் கருதின. எந்தக் குழந்தைக்குத் துணை மிகுதியாகத் தேவையோ அந்தக் குழந்தையே வெளியே நின்றது. 1994ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டின் சலமன்கா நகரில் 92 அரசுகள் கூடி, பொதுப் பள்ளிகள் எல்லாக் குழந்தைகளையும் ஏற்றல் வேண்டும் என்று அறிவித்திருந்தன. மலேசியாவில் 2008ஆம் ஆண்டில் உடற்குறையுடையோர் சட்டம் இயற்றப்பட்டது. 2013ஆம் ஆண்டில் பழைய விதிமுறைகளின் இடத்தில் புதியன வந்தன. 2019ஆம் ஆண்டில், சிறப்புத் தேவையுடைய எந்தக் குழந்தையையும் பள்ளி மறுக்கலாகாது என்னும் கொள்கை நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூரிலும் கட்டாயக் கல்விச் சட்டம் அதே 2019ஆம் ஆண்டு முதல்தான் இக்குழந்தைகளையும் உள்ளடக்கியது.

சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே நுழைந்த குழந்தையின் கையைப் பற்றாது. கையைப் பற்ற வேண்டியவர் ஆசிரியர். அவர் முன் நேர்மையான ஒரு தடை நிற்கின்றது. இருபத்தைந்து குழந்தைகள் உள்ள பாலர் வகுப்பில் ஒரு குழந்தைக்கு மிகுந்த நேரம் செலவிட்டால், எஞ்சிய இருபத்து நால்வர்க்கு உரிய நேரம் குறையாதா? ஒருவர்க்கு அருள் காட்டுவதற்காகப் பலர்க்கு அநீதி இழைக்கலாமா?

இத்தடையை எள்ளி ஒதுக்குதல் தகாது. எனினும் சமம் என்பதும் நீதி என்பதும் ஒன்றே என்னும் மயக்கத்திலிருந்தே இது பிறக்கின்றது. ஒரே வீட்டில் காய்ச்சலுற்ற பிள்ளைக்குத் தாய் கஞ்சி காய்ச்சுகின்றாள். பல் முளைக்காத பிள்ளைக்குச் சோற்றைக் குழைத்து ஊட்டுகின்றாள். வளர்ந்த பிள்ளைக்கு இலையில் இட்டுவிட்டு நகர்கின்றாள். மூவர்க்கும் ஒரே உணவையும் ஒரே நேரத்தையும் அளந்து தராமையால் அவளை ஓரவஞ்சனைக்காரி என்று எவரும் பழிப்பதில்லை. மூவருடைய பசியும் தீர்ந்ததா என்பதே அங்கு அளவுகோல். வகுப்பறையின் அளவுகோலும் அதுவே ஆதல் வேண்டும்.

மேலும், ஒரு குழந்தைக்காகச் செய்யப்படுவது அக்குழந்தையோடு முடிந்துவிடுவதும் இல்லை. மரியா மாண்டிசோரி அம்மையார் 1907ஆம் ஆண்டில் உரோம் நகரின் ஏழை மக்கள் பகுதியில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அங்கே அவர் கையாண்ட முறைகள், அதற்கு முன்னர் அறிவுக் குறைபாடு உடையவர் என ஒதுக்கப்பட்டிருந்த குழந்தைகளோடு பழகிக் கண்டறிந்தவை. விரலால் தடவி எழுத்தை அறியும் முறையும் அவற்றுள் ஒன்று. உலகம் முழுவதிலும் பாலர் கல்வி அம்முறைகளால் வளம்பெற்றது. திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலை வைத்து எழுதப் பழகியதும் இத்தகையதே. லகர ளகர ழகர வேறுபாடு தெரியாமல் மயங்கும் குழந்தைக்காக ஆசிரியர் மணல் தட்டு ஒன்றை வைத்தால், மயங்காத குழந்தையின் கையெழுத்தும் அதனால் திருந்தும். இருபத்து நால்வர் இழப்பதாக எண்ணிய நேரம் அவர்களுக்கே வேறு வழியில் திரும்பி வருகின்றது.

இனி, ஒரே கூரையின்கீழ் அமர்த்துவது ஒன்றே நிறைவாகிவிடுமோ எனின், ஆகாது. செவித்திறன் இல்லாத குழந்தை, சைகைமொழி அறியாத முப்பது பேர் நடுவே அமர்ந்திருந்தால் அதுவும் தனிச்சிறையே. 1926இல் மலாக்காவில் தொடங்கிப் பின்னர்ப் பினாங்கில் நிலைபெற்ற செயின்ட் நிக்கோலஸ் இல்லம், பார்வையற்றோர்க்கு ஆற்றிய தொண்டை எவரும் குறைத்து மதிப்பிடல் இயலாது. தனிப் பள்ளி சில குழந்தைகளுக்கு மெய்யான தேவை. ஆகவே எங்கே அமர்த்துவது என்பதைவிட, அமர்ந்த இடத்தில் அக்குழந்தை கற்கின்றதா, ஒருவரேனும் அதனோடு விளையாடுகின்றனரா என்பனவே முதன்மையான வினாக்கள். கடைசி மேசையில் வண்ணம் தீட்டும் தாளைக் கொடுத்து அமர்த்திவிட்டு, சேர்த்துக்கொண்டோம் என்று பதிவேட்டில் எழுதுவது விலக்குதலின் மற்றொரு வடிவம்.

தமிழ்ப்பள்ளிக்கு இவ்வினா இன்னும் கூர்மையானது. சிறப்புக் கல்வி வகுப்பு எல்லாத் தமிழ்ப்பள்ளிகளிலும் இல்லை. அருகில் அவ்வகுப்பு இல்லாதபோது குழந்தை வேறு மொழிப் பள்ளிக்கு அனுப்பப்படுகின்றது. பேச்சு தாமதமாக வரும் குழந்தையிடமிருந்து, வீட்டில் அம்மாவும் பாட்டியும் பேசும் ஒரே மொழியையும் பள்ளி பறித்துக்கொள்கின்றது. தாய்மொழிக் கல்வி உரிமை என்று மேடையில் முழங்கும் சமுதாயம், அவ்வுரிமை நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு மட்டும் உரியதன்று என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 150க்கும் குறைவான மாணவர் பயிலும் பள்ளிகள் என்று வருந்திப் பேசப்படும் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பல. பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் மட்டுமே உள்ள அங்குள்ள வகுப்பில், ஆசிரியர் ஒவ்வொரு முகத்தையும் நாள்தோறும் காண இயலும். குறையெனக் கருதப்பட்ட சிறுமை இங்கே நலமாக மாறக்கூடும். ஆறாம் ஆண்டுத் தேர்வில் எத்தனை பேர் எல்லாப் பாடங்களிலும் சிறப்புத் தேர்ச்சி பெற்றனர் என்பதே பள்ளியின் பெருமையாக இருந்த காலமும் கடந்தது. அத்தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. பெருமைக்கு வேறு அளவுகோல் தேடவேண்டிய தருணம் இது.

ஆயினும் சுமை முழுவதையும் ஆசிரியர் ஒருவரின் தோளில் ஏற்றி, அன்பிருந்தால் போதும் என்று அறிவுரை கூறுவது அறமன்று. பயிற்சியும் துணைப் பணியாளரும் தராமல் கடமையை மட்டும் தருவது, ஏர் தராமல் உழச் சொல்வதற்கு ஒப்பாகும். அரசு தரவேண்டியதை அரசிடம் கேட்டுப் பெறுவதும், பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பள்ளி வாரியமும் தம்மால் இயன்றதைச் செய்வதும் இன்றியமையாதன. பெற்றோர்க்கும் ஒரு பங்கு உண்டு. ஊரார் என்ன சொல்வரோ என்று அஞ்சிக் குழந்தையை வீட்டினுள் மறைத்தலும், முன்வினைப் பயன் என்று சொல்லி ஓய்ந்துவிடுதலும், எளிதில் திருத்தம் காணக்கூடிய தொடக்க ஆண்டுகளை வீணாக்கிவிடுகின்றன. மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்வது இழிவன்று. உதவிக்குத் திறக்கும் வாயில் அது.

ஐந்து வயதுக் குழந்தைக்கு இகழ்ச்சி இயல்பாக வருவதில்லை. பெரியோரைப் பார்த்தே அதனைக் கற்கின்றது. நடக்க இயலாத தோழனுக்காக விளையாட்டின் விதியைத் தாமே மாற்றிக்கொள்ளும் குழந்தைகளைப் பாலர் பள்ளிகளில் காணலாம். நீதிநெறிப் பாடத்தில் ஓராண்டு முழுதும் கற்பிப்பதை அவ்விளையாட்டு அரைமணியில் கற்பித்துவிடுகின்றது. தகுதி பார்த்து மாணாக்கரைத் தேர்ந்தெடுக்கும் வகுப்பறையில் இப்பாடம் நிகழ வழியில்லை.

மாணாக்கன் ஏற்கும் வகையை அறிந்து கொடு என்னும் நெறியைத் தமிழ் மரபு ஆசிரியர்க்கு என்றோ வகுத்துவிட்டது. அந்நெறியை முழுமையாகக் கைக்கொண்டால், தகாதவர் வரிசையில் பிணியாளனும் மந்தனும் நிற்க இடமில்லாமல் போகும். வாயிலுக்கு வந்து நிற்கும் ஒவ்வொரு குழந்தையும் கொள்வோனே. அது எவ்வாறு கொள்ளும் என்பதைக் கண்டறிவதே கொடுப்போனின் தொழில்.