யாருடைய குழந்தை?

தெருவில் விளையாடும் ஒரு புதுக் குழந்தையைப் பார்த்தால் நம் ஊர்ப் பெரியவர்கள் முதலில் கேட்கிற கேள்வி, "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்பதுதான். பெயரைக்கூட அதற்குப் பிறகுதான் கேட்பார்கள். அன்போடு கேட்கிற கேள்விதான், குற்றம் சொல்வதற்கில்லை. ஆனாலும் அதற்குள்ளே ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. குழந்தை என்பது ஏதாவது ஒரு வீட்டின் உடைமை, உரியவர் யாரென்று தெரிந்தால்தான் அதற்கு மதிப்பு என்பதே அந்தத் தீர்ப்பு.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத குழந்தைகளும் நம்மிடையே இருக்கிறார்கள். தாய் தந்தையர் இருவரையும் பறிகொடுத்தவர்கள் சிலர். தகப்பன் சிறையிலும் தாய் மருத்துவமனையிலும் இருக்க, நடுவில் நிற்பவர்கள் சிலர். குடியால் சிதைந்த வீட்டை விட்டு ஓடிவந்து ரயில் நிலையத்தில் படுத்துக் கிடப்பவர்கள் சிலர். இவர்களை வளர்க்க வேண்டியவர் யார்? அரசாங்கம் என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடலாம். ஆனால் அரசாங்கத்துக்குக் கஜானா உண்டு, கட்டடம் உண்டு, சிப்பந்திகள் உண்டு, மடி இல்லை. நடு இரவில் கனவு கண்டு அலறும் குழந்தையை அணைத்துக்கொள்ள ஒரு மனிதப் பிறவிதான் வேண்டும்.

செங்கற்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்துக்கு அருகே உள்ள வேடந்தாங்கலைப் பலரும் அறிவார்கள். ஆண்டுதோறும் மழைக்காலத்தை ஒட்டி, நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் நீர்க்காகமும் அந்தச் சிறிய ஏரியின் மரங்களில் வந்து கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. குஞ்சுகளுக்குச் சிறகு முற்றியதும் எல்லாம் பறந்து போய்விடுகின்றன. அவை பயப்படுமே என்று ஊரார் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது. ஆகவே அவர்களுக்கும் ஆதாயம் உண்டு. ஆதாயம் இருப்பதனாலேயே அன்பு பொய்யாகிவிடுமா?

துப்பாக்கியோடு வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களால் பறவைகளுக்கு ஆபத்து நேர்ந்தபோது, ஊரார் கலெக்டரிடம் போய் முறையிட்டார்களாம். 1798-ஆம் ஆண்டில் செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை அந்த ஊராருக்கே ஒரு கவுலாக எழுதிக் கொடுத்தார். சரணாலயம் என்ற பெயர் 1936-இல்தான் வந்தது. அரசாங்கம் அங்கே அன்பை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த அன்பைக் கண்டுகொண்டு, அதற்கு ஓர் அதிகாரத்தைக் கொடுத்தது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த ஊரார் குஞ்சுகளைத் தூக்கி வந்து தம் வீட்டுக் கூண்டில் வளர்க்கவில்லை, கூட்டைக் காத்தார்கள்.

குழந்தைகள் விஷயத்தில் நம் சட்டம் நெடுங்காலம் வேறு வழியில் நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே செங்கற்பட்டில் சிறுவர் சீர்திருத்தப் பள்ளி ஒன்று இருந்தது. 1920-இல் சென்னை மாகாணத்தில் குழந்தைகள் சட்டம் பிறந்தது. இந்தியாவிலேயே அதுதான் முதலாவது. வங்காளமும் பம்பாயும் பின்னால் வந்தன. பெரியவர்களோடு சிறுவர்களையும் சிறையில் அடைக்கலாகாது என்ற நல்ல எண்ணத்தின் விளைவு அது. ஆனால் ஆதரவற்ற குழந்தை என்றதும் ஒரு 'இல்லம்' கட்டுவதுதான் வழி என்ற நினைப்பும் அதன் கூடவே வேரூன்றிவிட்டது.

இல்லங்களை நான் இழித்துச் சொல்லவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் தொடங்கிய ஔவை இல்லமும், மஞ்சுபாஷிணி அம்மையார் 1949-இல் தொடங்கிய பால மந்திரும் போக்கிடமற்ற எத்தனையோ குழந்தைகளுக்கு உயிர் கொடுத்திருக்கின்றன. ஆனால் அத்தகைய உள்ளம் படைத்தவர்கள் ஊருக்கு ஊர் கிடைப்பார்களா? கட்டடத்தைப் போல உள்ளத்தையும் டெண்டர் விட்டு எழுப்ப முடியுமா? 2022-ஆம் ஆண்டு டிசம்பர் கடைசியில் செங்கற்பட்டிலுள்ள அரசினர் சிறுவர் இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்து போனான். திருட்டு வழக்கில் பிடிபட்டுச் சேர்க்கப்பட்டுச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அடித்துக் கொன்றதாக இல்லத்து ஊழியர் ஆறு பேர் கைது செய்யப்பட்டார்கள். பிறகு அரசு, ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்டு இத்தகைய இல்லங்களைப் பற்றி ஆராயச் செய்தது. வழக்கில் சிக்கிய சிறுவர்களின் இல்லம் வேறு, ஆதரவற்றோர் இல்லம் வேறு என்று சட்டம் பிரித்துச் சொல்லும். ஆயினும் உயர்ந்த மதிற்சுவருக்குள்ளே குழந்தையின் குரல் வெளியே கேட்காது என்ற ஆபத்து இரண்டுக்கும் பொதுவானதுதானே?

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இந்த உண்மையை ஒப்புக்கொண்டிருக்கிறது. ஒரு குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஆதரவற்ற குழந்தை கண்ணில் பட்டால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின்முன் கொண்டுவர வேண்டும். குழுவில் தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள். சொந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்ப முடியாத குழந்தையை, தகுதி பார்த்துத் தேர்ந்தெடுத்த வேறொரு குடும்பத்தில் அவர்கள் வளரவிடலாம். இதற்கு வளர்ப்புப் பராமரிப்பு என்று பெயர். இது தத்து அல்ல. குழந்தையின் இனிஷியல் மாறாது. பெற்றோர் இருந்தால் வந்து பார்க்கலாம். அவர்கள் நிலை திருந்தினால் குழந்தை திரும்பிப் போகும்.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்க்கிறேன். ஒன்பது வயதுப் பெண். தகப்பன் இறந்துவிட்டான். தாய்க்குச் சித்தம் கலங்கி, மருத்துவமனையில் இருக்கிறாள். கிராமத்தில் ஓர் அத்தை இருக்கிறாள்; களை எடுத்துப் பிழைப்பவள்; அவளுக்கே மூன்று குழந்தைகள். "கஞ்சி ஊற்ற வழியிருந்தால் நானே வைத்துக்கொள்வேனே!" என்று அழுகிறாள். அந்தக் கஞ்சிக்கு வழியில்லாததனால் பெண் இல்லத்துக்குப் போகிறாள். அங்கே அவளுக்காக அரசாங்கம் சோறும் துணியும் தருகிறது. காவலாளிக்கும் கண்காணிப்பாளருக்கும் சம்பளம் தருகிறது. அதில் ஒரு பங்கை அத்தையின் கையில் கொடுத்திருந்தால், பெண்ணுக்கு ஒரு வீடும் விளையாட மூன்று பேரும் கிடைத்திருப்பார்களே!

இப்போது அதற்கு வழி பிறந்திருக்கிறது. 2022-க்குப் பிறகு, மத்திய அரசின் வாத்சல்யா திட்டத்தில் இத்தகைய குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் கொடுக்க இடமுண்டு. 2025-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'அன்புக் கரங்கள்' திட்டம், பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் குழந்தைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் கொடுக்கிறது. இவற்றை நான் தர்மமாக எண்ணவில்லை. வேடந்தாங்கல்காரர்களுக்குக் கிடைத்த கவுலைப் போன்றவையாகவே எண்ணுகிறேன். கூட்டைக் காப்பவனுக்குக் கைகொடுப்பதுதான் சட்டத்தின் மிக நல்ல வேலை.

"உறவு என்ற பேரில் குழந்தையை வேலைக்காரியாக்கிவிட்டால்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. "ஓர் ஏழைப் பெண்ணை எங்கள் வீட்டில் வளர்க்கிறோம்" என்று பெருமையாகச் சொல்லும் சில வீடுகளில் அந்தப் பெண் விடியுமுன் எழுந்து பாத்திரம் துலக்குவதையும், வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு மிச்சத்தை உண்பதையும் நாம் பார்த்ததில்லையா? அதனால்தான் வளர்ப்புக் குடும்பத்தை மாதந்தோறும் போய்ப் பார்த்து வர வேண்டும் என்று சட்டம் விதித்திருக்கிறது. நல்லவர்கள் இதை அவமானமாக நினைக்க வேண்டியதில்லை. ஆனால் பார்க்கப் போகிறவர் வாசலில் நின்று படிவத்தை நிரப்பிக்கொண்டு திரும்புவாரா, குழந்தையைத் தனியே உட்காரவைத்து இரண்டு வார்த்தை பேசுவாரா? சீர்திருத்தம் முழுவதும் அந்த இரண்டு வார்த்தையில் இருக்கிறது.

நான் அஞ்சுகிற தடை இன்னொன்று. அது சட்டத்தில் இல்லை, நம் நெஞ்சில் இருக்கிறது. சுவீகாரம் என்பதை நாம் பெரும்பாலும் பெரியவர்களுக்காகவே செய்துவந்தோம். சொத்துக்கு வாரிசு வேண்டும், கொள்ளி போட ஒரு பிள்ளை வேண்டும். ஆகவே எடுக்கும் குழந்தையின் சாதியைக் கேட்டோம், நிறத்தைப் பார்த்தோம். தேரோட்டியின் மனைவி ராதை, ஆற்றில் மிதந்து வந்த பெட்டியிலிருந்த குழந்தையைக் குலம் கேட்காமல் எடுத்து வளர்த்தாள். அரங்கத்தில் நின்ற கர்ணனைக் குலம் கேட்டு அவமதித்தார்கள். மேடையில் அந்தக் காட்சியைக் கண்டு கண்ணைத் துடைத்துக்கொள்ளும் நாமே, "குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது, என்ன ஜாதியோ!" என்று முணுமுணுக்கிறோம். அப்போது நாம் யார் பக்கத்தில் நிற்கிறோம்?

2024-இல் வந்த புதிய நெறிமுறைகளின்படி, மணமாகாதவரும் கணவனை இழந்தவரும் மணவிலக்குப் பெற்றவரும் கூட வளர்ப்புப் பெற்றோராகலாம். முன்பு தம்பதிகளுக்கே அந்த உரிமை இருந்தது. வளர்த்த குழந்தையை, அதற்குத் திரும்பிப் போக வீடு இல்லையென்றால், இரண்டு ஆண்டுக்குப் பிறகு தத்து எடுத்துக்கொள்ளவும் வழியுண்டு. முன்பு ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். போக இடமற்ற குழந்தைக்கு இது நன்மைதான். ஆனால் இரண்டு ஆண்டில் நமக்கே சொந்தமாகிவிடும் என்ற கணக்கோடு ஒருவர் வருவாரானால், மருத்துவமனையில் குணமடைந்து வரும் தாயை அவர் எந்தக் கண்ணால் பார்ப்பார்? தாய் குணமாகிவிட்டாள் என்ற செய்தி அந்த வீட்டில் துக்கச் செய்தியாகிவிடுமானால், அங்கே வளர்ந்தது குழந்தையா, நம் ஆசையா?

திருப்பிக் கொடுக்க வேண்டிய குழந்தையின்மேல் எப்படி அன்பு வைப்பது என்று கேட்கிறார்கள். எந்தக் குழந்தைதான் திருப்பிக் கொடுக்கப்படாதது? பெற்ற பெண்ணை இன்னொரு வீட்டுக்கு அனுப்புகிறோம். பெற்ற பையன் வேலை தேடிக் கடல் கடந்து போகிறான். பிரிவு வருமென்று தெரிந்தும் யாரும் அளந்து அளந்து பாலூட்டுவதில்லை. வளர்ப்புத் தாய்க்கு அந்தப் பிரிவு கொஞ்சம் முன்னாலேயே வருகிறது, அவ்வளவுதான் வேறுபாடு. அவள் அழுவாள், அழட்டும். அந்தக் கண்ணீருக்கு அஞ்சி நாம் கதவைச் சாத்திக்கொண்டால், யாருக்காகவும் யாரும் அழாத நீண்ட கூடத்தில், வரிசையாக விரித்த பாய்களில் ஒன்றில் அந்தக் குழந்தை படுத்திருக்கும்.